ஆயாவின் பெட்டியில் கிடைத்த லேபிள் இல்லாத கவுன்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், முக்கியமானதை மட்டும் இங்கே தருகிறேன்.

"அக்கா, எங்கள் ஆயா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கடல்பச்சை நிறத்தில் ஒரு பட்டுக் கவுன் இருந்தது. கையில்லாமல், இடுப்பை இறுக்கிப் பிடித்து, கீழே பாவாடை மாதிரி நன்றாக விரிகிறது. லேபிள் எங்கேயும் இல்லை. பழைய சாமான் வாங்கி விற்கிற ஒருவரிடம் காட்டினேன். பார்த்ததுமே இது விக்டர் ஸ்டீபல் தைத்தது, அவர் நம் டர்பனில் பிறந்தவர், லண்டனில் நல்ல விலைக்குப் போகும், என்னிடம் விட்டுப் போங்கள் என்றார். என் சித்தப்பா மகள் இது டியோர் என்கிறாள். ஆயா 1936-இல் பிறந்தவர், கல்யாணத்துக்கு முன் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தார், பெரியா பகுதியில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார், பின்னால் ஜேக்கப்ஸில் ஒரு துணி ஃபாக்டரியில் பல வருஷம் இருந்தார். அந்த வீட்டு அம்மா கொடுத்த கவுனாக இருக்குமோ? யார் தைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துவைக்கலாமா? விற்கலாமா? உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் எடுத்து ஏழு படம் அனுப்பியிருக்கிறேன்."

தங்கச்சி, முதலில் துவைக்கிற விஷயம். தண்ணீர் வேண்டாம், டிரை கிளீனிங்கும் வேண்டாம், ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் பார்ப்போமே என்கிற எண்ணமும் வேண்டாம். உங்கள் ஐந்தாவது படத்தைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. யார் தைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள், கடைக்காரரும் உங்கள் தங்கையும் ஆளுக்கொரு டிசைனர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அமைப்பை யோசித்தவர் யார் என்பது ஒரு கேள்வி, இந்தப் பட்டை வெட்டி ஊசி பிடித்துத் தைத்த கை யாருடையது என்பது வேறு கேள்வி. பாரிஸிலும் லண்டனிலும் இருந்த பெரிய தையல் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே கூரையின் கீழ் பதில் கிடைத்துவிடும். நம் ஊரில் அப்படி இல்லை. 1947 பிப்ரவரி 12-ஆம் தேதி பாரிஸில் டியோர் தன் முதல் உடைகளைக் காட்டியதும் ஒட்டிய இடுப்பும் விரிந்த பாவாடையுமாக அந்த உருவம் பத்திரிகைப் படங்கள் வழியாக உலகம் முழுக்கப் போனது. கிரே தெருவில் ஒரு தையல்காரரிடம் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று சொன்னால் போதும், பத்து நாளில் கவுன் வந்துவிடும். அது போதாதென்று, வோக் பேப்பர் பேட்டர்ன் கம்பெனி 1949-இல் பாரிஸ் டிசைனர்களிடமே உரிமை வாங்கி அவர்களுடைய அமைப்புகளைக் காகித வெட்டு மாதிரியாக விற்க ஆரம்பித்தது. பால்மேன், ஃபாத், ஸ்கியாபரெல்லி எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. வீட்டில் தைத்து முடித்த பிறகு உள்ளே வைத்துத் தைத்துக்கொள்ள ஒரு லேபிளும் கூடவே வரும். அதனால் லேபிள் இருந்தால்கூட அது தைத்த கையைச் சொல்லாது. லேபிள் இல்லாத கவுனில் பெயரைத் தேடுவதற்கு முன் கையைத் தேடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பழைய துணிகளைப் பழுதுபார்க்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் குறுக்குவெட்டாக வெட்டிய ஒரு சாம்பல் நிறக் கவுனைப் பார்த்து, வெட்டின் அழகில் மயங்கி, இது பாரிஸ் வேலை என்று ஒரு குடும்பத்திடம் சொல்லிவிட்டேன். அவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். சில மாதம் கழித்து க்ளேர்வுட்டிலிருந்து ஒரு வயதான அம்மா, குண்டூசித் துளைகளோடு மஞ்சளாகிப்போன காகித வெட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் தைத்த கவுன் அது. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, எந்தத் துண்டு எங்கே வரும் என்று விரலால் காட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதை விட்டுவிட்டேன்.

சரி, கடைக்காரர் சொன்ன பெயர். விக்டர் ஸ்டீபல் 1907-இல் டர்பனில் பிறந்தவர் என்பது உண்மை. ஆனால் 1924-லேயே இங்கிலாந்து போய்விட்டார், கேம்பிரிட்ஜில் படித்தார், 1932-இல் லண்டனில் புரூட்டன் தெருவில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். போருக்குப் பிறகு 1946-இலிருந்து 1958 வரை ஜாக்மார் நிறுவனத்தில் இருந்தார், மறுபடி சொந்தக் கடை வைத்தார், உடம்புக்கு முடியாமல் 1963-இல் மூடினார். 1960-இல் இளவரசி மார்கரெட் திருமணம் முடிந்து புறப்பட்டபோது போட்டிருந்த உடை அவர் கைவண்ணம். கோடு போட்ட துணியைத் திருப்பித் திருப்பி வைத்து உருவம் காட்டுவதில் பெயர் எடுத்தவர். இதில் எதுவும் அவர் டர்பனில் கவுன் தைத்துக் கொடுத்தார் என்று சொல்லவில்லை. பிறந்த ஊரில் ஒரு நல்ல கவுன் கிடைத்தால் அது அவருடையது என்று முடிவு கட்டுவது, மாம்பழம் கிடைத்த இடத்திலெல்லாம் சேலத்து மாம்பழம் என்று சொல்வதைப் போல. பெரியாவில் இருந்த பணக்காரக் குடும்பங்கள் லண்டனில் உடை வாங்கியிருக்கலாம், அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. அதை உங்கள் கவுனை வைத்தே பார்த்துவிடலாம்.

லேபிள் இருந்து போனதா, இல்லவே இல்லையா என்பதில் ஆரம்பிப்போம். லேபிளை வெட்டுவதற்கு ஆயிரம் காரணம். உடம்பில் உறுத்தும், பழைய துணியாகக் கைமாற்றி விற்கும்போது எடுத்துவிடுவார்கள், வெளிநாட்டில் வாங்கியதைச் சுங்கத்துக்குப் பயந்து வெட்டியவர்களும் உண்டு. ஆனால் பல வருஷம் தைத்துக் கிடந்த லேபிள் போனாலும் தடம் விட்டுப் போகும்: செவ்வகமாகக் கொஞ்சம் அடர்ந்த நிறம், வரிசையாக ஊசித் துளை, சில சமயம் வேறு நிற நூலின் ஒரு துணுக்கு. ஏழாவது படத்தில் கழுத்தின் உள்பக்கம் ஒரே சீராக இருக்கிறது, துளையே இல்லை. கழுத்தோடு நிறுத்தாதீர்கள், பெரிய வீடுகள் பலவும் லேபிளை இடுப்புக்கு உள்ளே போகும் நாடாவில்தான் தைத்தன. டியோர் வீட்டு லேபிளில் எந்த வருஷம், எந்தப் பருவம் என்பது இருக்கும், கூடவே ஓர் எண்ணும் இருக்கும். உங்கள் கவுனின் இடுப்பு நாடாவிலும் துளை எதுவும் தெரியவில்லை. பக்கத் தையல்களையும் ஒரு தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எனக்குத் தோன்றுவது, இதில் லேபிள் எப்போதுமே இருந்ததில்லை.

லேபிளே இல்லாமல் டிசைனரைச் சொல்லிவிடக்கூடிய உடைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெனிஸில் மரியானோ ஃபோர்ச்சூனி செய்த டெல்ஃபோஸ் கவுனை எடுத்துக்கொண்டால், பட்டு முழுக்க நெருக்கமான மெல்லிய மடிப்பு, ஓரத்தில் கயிற்றில் கோத்த முரானோ கண்ணாடி மணிகள், மடித்து வைக்காமல் முறுக்கிச் சுருட்டி உருண்டைப் பெட்டியில் வைப்பார்கள், அந்த மடிப்பை அதே மாதிரி இன்னொருவர் செய்வது அவ்வளவு கஷ்டம். அப்படி வேறு யாரும் செய்யாத ஒரு வேலை இருந்தால்தான் உடை தானாகப் பெயர் சொல்லும். ஒட்டிய இடுப்பும் விரிந்த பாவாடையும் அந்த வகையைச் சேர்ந்ததில்லை, 1950களில் அது எல்லாருடைய உருவமும்தான்.

இப்போது உள்பக்கம். நான் ஒரு கவுனை வாங்கியதும் முதலில் உள்ளே வெளியாகத் திருப்பிவிடுவேன், வெளிப்பக்கத்தை நாள் முடிவில்தான் பார்ப்பேன். மூன்றாவது படத்தில் பக்கத் தையல் மேல் இன்ச் டேப் வைத்து எடுத்திருக்கிறீர்கள், ரொம்ப நல்ல வேலை செய்தீர்கள், இந்த ஒரு படமே நிறையச் சொல்கிறது. தையலுக்கு உள்ளே விட்ட துணி ஏறக்குறைய ஒன்றரை இன்ச் இருக்கிறது. கடையில் வாங்கும் காகித வெட்டு மாதிரிகளில் பொதுவாக இது அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல், சரியாகச் சொன்னால் 1.5 சென்டிமீட்டர். ஃபாக்டரியில் துணியை மிச்சம் பிடிப்பதால் இன்னும் குறைவு, ஓரத்தில் ஓவர்லாக்கும் இருக்கும். ஒன்றரை இன்ச் விடுகிறவர் யார்? நாளைக்கு இந்தப் பெண் கொஞ்சம் பூசினாற்போல் ஆனால் பிரித்துப் பெரிதாக்க வேண்டும் என்று நினைக்கிற, அளவெடுத்துத் தைக்கிற ஆள். உயர்ந்த தையல் வீடுகளும் தாராளமாக விடும், நம் தையல்காரர்களும் விடுவார்கள், ரவிக்கையில் உள்ளே துணி விடும் அதே பழக்கம்தான். ஆக, இது ஃபாக்டரி உடை இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

அதே படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. பக்கத்தில் ஒரே ஒரு தையல் கோடுதான் இருக்கிறது. பழைய கோடு பிரித்த தடம் இல்லை, நிறம் மாறிய பட்டை இல்லை. ஒரு அம்மா தன் உடம்புக்குத் தைத்த கவுனை வேலைக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்து, அவர் அதைப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வரிசைத் துளை இருந்தே தீரும். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆயாவின் கல்யாணக் காலத்து ரவிக்கை ஏதாவது பெட்டியில் இருக்கும். அதன் தோள் அகலம், மார்பு, தோளிலிருந்து இடுப்பு வரை உள்ள நீளம் மூன்றையும் அளந்து கவுனோடு ஒப்பிடுங்கள். தோளும் நீளமும் பொருந்தினால் இந்தக் கவுன் ஆயாவின் உடம்புக்கே வெட்டியது, பெரியா அம்மாவுக்கு இதில் பங்கில்லை.

ஜிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடது பக்கத்தில் உலோக ஜிப், இழுப்பானில் லைட்னிங் என்ற பெயர், அது பிரிட்டிஷ் ஜிப். என் கைக்கு வந்த பழைய டர்பன் கவுன்களில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன். பாரிஸ் உடைகளில் அடிக்கடி வரும் பெயர் எக்லேர். பக்கவாட்டில் உலோக ஜிப் என்பது 1930களின் கடைசியிலிருந்து 1950கள் வரை சாதாரணம், 1960களில் நைலான் ஜிப் வந்து முதுகுக்கு மாறிவிட்டது. ஜிப்பை மாற்றித் தைப்பது சுலபம் என்பதால் இதை மட்டும் நம்பிக் காலம் சொல்லக் கூடாது, ஆனால் உங்கள் ஜிப்பைச் சுற்றி ஒரே தையல்தான் இருக்கிறது, அதுவும் கையால் போட்ட சின்னப் பின்தையல், அது முதலிலிருந்தே உள்ள ஜிப்தான். பாவாடையின் விரிவையும் ஆயாவின் வயதையும் சேர்த்துப் பார்த்தால் 1954-இலிருந்து 1958-க்குள் தைத்தது என்பேன்.

என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது ஆறாவது படம். பாவாடையின் ஒரு தையலுக்குள் மெல்லிய பொன் நிறக் கோடு, நீங்கள் அதை நூல் பிசிறு என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டு ஜரிகை இழை. அதே துண்டின் ஓரத்தில், விளிம்பை ஒட்டி, சீரான இடைவெளியில் மிகச் சின்னத் துளைகள் இருக்கின்றன. கைத்தறியில் நெய்யும்போது துணி அகலம் சுருங்காமல் இருக்க இரண்டு முனையிலும் ஊசி வைத்த குச்சியால் இழுத்துப் பிடிப்பார்கள், அந்த ஊசியின் தடம் அது. தங்கச்சி, இது புடவை. யாரோ ஒரு பட்டுப் புடவையின் கரையை வெட்டி எடுத்துவிட்டு உடல் துணியில் மட்டும் கவுன் வெட்டியிருக்கிறார்கள், கத்தரி ஒரு இடத்தில் கோணலாகப் போனதில் கரையின் இரண்டு இழை தப்பித் தையலுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

இதை உறுதி செய்துகொள்ள வழி உண்டு. பூதக்கண்ணாடியில் அந்தப் பொன் இழையைப் பாருங்கள். அசல் ஜரிகை என்றால் தட்டையான வெள்ளிக் கம்பியைப் பட்டு நூல் மேல் சுற்றியிருப்பார்கள், அங்கங்கே கறுத்திருக்கும். பிளாஸ்டிக் நாடா மாதிரி தட்டையாக, கறுக்காமல் பளபளவென்று இருந்தால் லூரெக்ஸ் வகை, அது 1940களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. துணி பட்டுதானா என்று பார்க்க, உள் தையலில் பிரிந்து நிற்கும் ஒரு இழையை மட்டும் எடுத்து, கவுனை வேறு அறையில் வைத்துவிட்டு, சாமணத்தில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் நைலானோ பாலியெஸ்டரோ. காகிதம் எரிந்த வாடை என்றால் பருத்தி அல்லது ரேயான்.

புடவையில் கவுன் தைப்பது பாரிஸ் செய்யாத காரியம் என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்கியாபரெல்லி 1935-இலேயே புடவை உருவத்தில் உடைகள் காட்டியவர். ஆனால் ஒரு லண்டன் வீடு துணியை அளந்து தாராளமாக வாங்கும். உங்கள் கவுனில் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் முக்கோணமாக ஒட்டுத் துண்டு கொடுத்திருக்கிறார்கள், பின்பாவாடையில் ஒரு துண்டு கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து இணைத்திருக்கிறார்கள். கையில் இருந்த ஒரே புடவைக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியவர் வேலை இது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் கிடையாது என்று இந்தியா 1946-இல் தடை போட்டுவிட்டது, உலகத்தில் முதலில் போட்டது அதுதான், அதன் பிறகு ஊரிலிருந்து நல்ல பட்டு வருவது லேசான காரியமாக இருக்கவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு பட்டுப் புடவையை எடுத்துக் கத்தரி வைக்க ஒருவர் சம்மதித்திருக்கிறார் என்றால் அந்தக் கவுன் எதற்காகத் தைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. வெஸ்ட் தெருவின் பல பெரிய கடைகளில் நம்மவர்கள் ஒரு உடையைப் போட்டுப் பார்க்கக்கூட விடாத காலம் அது. விக்டோரியா தெருவில் குட்வில் லவுஞ்சில் ஜாஸ் கேட்கப் போன பெண்களும், கல்யாண வரவேற்புகளில் நின்ற பெண்களும் கவுன் போட்டார்கள் என்றால் அதை நம் தெருத் தையல்காரரோ வீட்டில் மெஷின் வைத்திருந்த அக்காவோதான் தைத்திருப்பார்கள். ரஞ்சித் கேலி டிரம் பத்திரிகைக்காக எடுத்த டர்பன் படங்களைத் தேடிப் பாருங்கள், அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு கம்பீரமாக உடுத்தினார்கள் என்பது தெரியும். கவுன்களின் கழுத்து, தோள் வெட்டை ஒப்பிடவும் அவை உதவும்.

ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். இடுப்பு நாடாவில் ஊதாக் கறை, போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது கறையாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது. எழுதும்போது சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பலாக இருக்கும், ஈரம் பட்டதும் ஊதாவாக மாறிப் பரவும், பில் எழுதுகிறவர்களும் துணியில் குறி போடுகிறவர்களும் வைத்திருப்பார்கள். வேர்வை பட்டு அது கொஞ்சம் கலைந்திருக்கிறது, ஆனாலும் ஒரு 7 தெரிகிறது, அதற்கு முன்னால் ஒரு வளைவு, எழுத்தாக இருக்கலாம். தண்ணீரில் போட்டிருந்தால் பட்டும் ஊதாவாகியிருக்கும், அந்த எழுத்தும் போயிருக்கும். இதற்குத்தான் முதலிலேயே துவைக்காதீர்கள் என்றேன். நாடாவை மேசையில் தட்டையாக வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். நாடா ஏதோ மாவு மூட்டைத் துணி மாதிரியும் இருக்கிறது, மறுபக்கத்தில் அச்சு எழுத்து மங்கலாக இருக்கிறதா பாருங்கள்.

ஆயாவே தைத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். ஜேக்கப்ஸ் ஃபாக்டரிக்குப் போனது பின்னால் என்றாலும், ஊசி பிடிக்கத் தெரியாதவரை யாரும் மெஷினில் உட்கார வைக்கவில்லையே. கைத்தையல் என்பது கையெழுத்து மாதிரி. ஹெம்மிங்கில் தையல் எந்தப் பக்கம் சாய்கிறது, ஒரு இன்ச்சுக்கு எத்தனை, நூலை முடிச்சுப் போட்டு ஆரம்பிக்கிறாரா, இரண்டு பின்தையல் போட்டு ஆரம்பிக்கிறாரா, முடிக்கும்போது நூலை எப்படி மறைக்கிறார், இதெல்லாம் ஒருவருக்குச் சின்ன வயதில் வந்தது கடைசி வரை மாறாது. ஆயா தைத்தது என்று குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு ரவிக்கையோ தலையணை உறையோ எடுத்து, கவுனின் கீழ் மடிப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். கவுனின் ஹெம்மிங் வழக்கத்துக்கு மாறான பக்கம் சாய்கிறது, இடது கைக்காரர் போட்ட தையல் மாதிரி. ஆயா எந்தக் கையில் கரண்டி பிடிப்பார்?

தையல்காரர் என்றால் கணக்குப் புத்தகம் கிடைப்பது கஷ்டம். 1950-இல் இனம் பார்த்துக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, மேகசின் பாரக்ஸ் காலியாகி, சனங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்ததற்குள் காகிதங்கள்தான் முதலில் தொலைந்தன. ஆனால் வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் பழைய குடும்பப் படங்களும் வாய்மொழிப் பதிவுகளும் உண்டு, கிரே தெருக் கடை விளம்பரங்களுக்கு அந்தக் காலத்து இந்தியப் பத்திரிகைகளையும் அங்கே கேட்டுப் பாருங்கள். நம் இந்தியர் வரலாற்றுக்கான 1860 ஹெரிடேஜ் சென்டரில் போய்ப் பேசினாலும் வழி காட்டுவார்கள். ஸ்டீபல் பெயரை முழுசாகத் தீர்த்துவிட வேண்டும் என்றால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அவர் உடைகள் இருக்கின்றன, படங்களை அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். உங்கள் அக்குள் ஒட்டுத் துண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

விற்கிற விஷயத்தில் முடிவு உங்கள் குடும்பத்துடையது, நான் நடுவில் வரவில்லை. ஆனால் கவுனை யாரிடமும் விட்டு வராதீர்கள், அப்படியே கொடுத்தாலும் உங்கள் படங்களோடு கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். "இன்னார் தைத்தது" என்பதற்கும் "இன்னார் தைத்ததாகக் கருதப்படுகிறது" என்பதற்கும் "இன்னார் பாணி" என்பதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வகையாகச் சொல்ல இந்தக் கவுனில் எந்த ஆதாரமும் இல்லை, அந்தக் கடைக்காரர் எதை வைத்துச் சொன்னார் என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஹேங்கரில் மாட்ட வேண்டாம், பாவாடையின் கனம் தோளைக் கிழித்துவிடும். பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கஞ்சி போகும்படி நன்றாக அலசிக் காயவைத்து (கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும்), அதில் படுக்கையாகச் சுற்றி வையுங்கள், மடிப்பு விழும் இடங்களில் அதே துணியைச் சுருட்டிக் கொடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்துக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது. தகரப் பெட்டியில் துரு இருக்கும், வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் மேரிபேங்கில் ஆயாவின் நாத்தனார் இருக்கிறார், தொண்ணூறு வயது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வாரமே அவரிடம் போங்கள். கவுனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், படம் போதும். போனதும் "இதை யார் தைத்தது" என்று கேட்காதீர்கள், நேராகக் கேட்டால் பெரியவர்கள் எனக்கென்னம்மா தெரியும் என்று முடித்துவிடுவார்கள். இதைப் போட்டுக்கொண்டு ஆயா எங்கே போனார், கூட யார் போனது, அது யாருடைய புடவை என்று கேளுங்கள். போன இடம் ஞாபகம் வந்தால் அளவு கொடுக்கப் போன வீடும் ஞாபகத்துக்கு வரும். அவர் பெயர் ஏதாவது சொன்னால் முதல் எழுத்து என்ன என்று பார்த்து, நாடா படத்தோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.